நாலு சீலக் கல்யாணம்

“நாலா? நாலோட நிறுத்திக்குவியா? மார்க்கெட்டுல கத்திரிக்கா பொறுக்கறியா நீ? இது நல்லாகீது, இது சொத்தை, இது வேணாம்னு எடுத்து வெக்கறதுக்கு?”

“சொத்தைன்னு நான் சொல்லல நைனா. அஞ்சாவது நல்லாதான் கீது. அதனாலதான் சொல்லமாட்டேன்றேன்.”

“கேட்டியாடி இவ பேசறத? நல்லாகீதாம், அதனால சொல்லமாட்டாளாம்!”

இந்தக் கடைசிக் கேள்வி தம்மபாலன் பெண்டாட்டி சுலோச்சனாவுக்கு. அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பதிலுக்குக் கத்தியைப் பலகையில் கொஞ்சம் பலமாகப் போட்டாள். வெங்காயம் இரண்டாகிற சத்தத்துக்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு என்பது தம்மபாலனுக்குத் தெரியும். ஆனாலும் அவர் நிறுத்தவில்லை.

கோலார் தங்க வயலில், சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய கோரமண்டல் லைன் வீடுகளுக்கு நடுவே இருப்பதைச் சுவர் என்று மரியாதைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கஷாயம் வைப்பார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு. குழாயில் தண்ணீர் நின்று வெகு நேரமாகியும் காலிக் குடத்தோடு நாலைந்து பேர் அங்கேயே நின்றார்கள். பக்கத்து வீட்டு அமலா, சுவரோரம் நாற்காலி போட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நேற்றே மடித்து வைத்த துணிதான். பிரித்து மறுபடி மடித்தாள்.

விஷயம் இதுதான். தம்மபாலனின் ஒரே மகள் சங்கமித்ராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எழிலன், பக்கத்திலிருக்கும் ஊரிகத்துப் பையன், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. புத்த விகாரத்தின் மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று, சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்குப் புடவையும் எடுத்தாயிற்று. இவர்கள் பௌத்தக் குடும்பம். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தாத்தாமார்கள் தழுவிய தம்மம். ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது. பிக்கு வந்து உட்காருவார், பெண்ணும் மாப்பிள்ளையும் பஞ்சசீலம் சொல்வார்கள். கொல்லமாட்டேன், கொடுக்காததை எடுக்கமாட்டேன், முறை தவறி நடக்கமாட்டேன், பொய் சொல்லமாட்டேன், மயக்கம் தரும் எதையும் குடிக்கமாட்டேன். ஐந்து வரி. ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

இதில் நாலுதான் சொல்லுவேன், ஐந்தாவதற்கு வாயை மூடிக்கொள்வேன் என்று பெண் நிற்கிறாள்.

ஏனென்றால் பெண் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறாள்.

கோரமண்டலில் இது ரகசியம் என்று தம்மபாலன் மட்டும் நம்பிக்கொண்டிருந்தார். பின்னறையில் முன்பெல்லாம் விகாரத்தின் மடக்கு நாற்காலிகளும் வைசாகப் பௌர்ணமிக்குக் கட்டுகிற துணித் தோரணங்களும் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் அவை பரணுக்கு ஏறின. கீழே மூடி போட்ட வெள்ளை பக்கெட்டுகள் வந்தன. மூடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதில் தண்ணீர், அது இரவும் பகலும் ‘புளுக், புளுக்’ என்று பேசிக்கொண்டே இருக்கும். சங்கமித்ரா பெங்களூரில் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். விடியற்கால ரயிலில் போய் இருட்டிய பிறகு வருவாள். வாரம் முழுக்க அடுத்தவன் ஊறுகாயையும் ஜாமையும் சோதித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அண்டாவில் முளைகட்டிய பார்லியை வேகவைப்பாள். அந்த வாசனை லைன் முழுக்கப் போகும். கறுப்பாக வருகிற ஸ்டவுட் பீருக்கு வறுத்த பார்லி போடும் நாளில் அரைத் தெரு, யார் வீட்டிலோ காப்பிக்கொட்டை வறுக்கிறார்கள் என்று மூக்கைத் தூக்கும். சிவப்பாக வருகிற ஏல் என்ற வகைக்குப் பாகு காய்ச்சுகிற வாசனை.

தம்மபாலன் இந்த இரண்டு வருஷமும் பின்னறைப் பக்கம் தலை வைக்கவில்லை. “அவளுக்கு ஏதோ லேப் வேலை” என்பார். விகாரத்துக்கே செயலாளர், அவர் வேறு எப்படிச் சொல்வார்? பார்க்காத வரைக்கும் அது லேப் வேலைதான்.

சுலோச்சனா விஷயம் வேறு. அவள் பார்ப்பாள். மோந்தும் பார்ப்பாள். ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கெட்டையும் திறக்கும்போது மகள் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். “மா, இது இன்னா சொல்லுது?” சுலோச்சனா குனிந்து ஒரு மூச்சு இழுப்பாள். “இது நல்லாகீது. வாழப்பழம் கொஞ்சம் தூக்கலா கீது.” அல்லது, “இது வேணாம்டி, நனைஞ்ச அட்டைப் பொட்டி மாதிரி நாறுது.” அவள் வேண்டாம் என்றது எதுவும் உருப்பட்டதில்லை. இட்லி மாவைப் பார்த்தே நாள் சொல்கிற மூக்கு. மோந்து பார்ப்பதில் சீலம் எங்கே கெடுகிறது என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை அவள் யாரிடமும் சரிபார்க்கவில்லை.

“பெல்ஜியம்னு ஒரு நாடு கீது நைனா,” உள்ளே சண்டை தொடர்ந்தது. “அங்க மடத்துல சாமியாருங்களே காய்ச்சறாங்க. நூத்துக்கணக்கான வருஷமா.”

“அவனுங்க எந்தப் பஞ்சசீலத்த எடுத்தவனுங்க?”

“அவங்க வேற மதம். அதிகம் பேசவே மாட்டாங்களாம். வேலை மட்டும் செய்வாங்களாம்.”

“அதை மட்டும் அவங்ககிட்ட கத்துக்க மறந்துட்டியா?”

குழாயடியில் யாரோ சிரித்துவிட்டார்கள். அமலா அவசரமாக ஒரு போர்வையை உதறினாள்.

“கூட்டத்தோட சேந்து சொல்றதுன்னா பரவால்ல,” என்றாள் சங்கமித்ரா. “வாய மூடிக்குவேன், யாருக்குத் தெரியும்? நீதான தனித்தனியா மைக்குல சொல்லணும்னு சட்டம் போட்ட?”

உண்மையாகவே அது தம்மபாலன் போட்ட சட்டம்தான். முன்னெல்லாம் பிக்கு சொல்ல, மண்டபமே சேர்ந்து முணுமுணுக்கும். பாதிப் பேர் பந்தியைப் பார்த்துக்கொண்டு முணுமுணுப்பார்கள். ‘இது சீலமா, கொசு ரீங்காரமா?’ என்று கோபப்பட்டு, இனிமேல் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒவ்வொருவராக எழுந்து மைக்கில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கமிட்டியில் முடிவு செய்ய வைத்தவர் அவர். அதிலிருந்து எத்தனை மாப்பிள்ளைகளுக்குத் தொண்டை அடைத்திருக்கிறது. அடைப்பது எப்போதும் ஐந்தாவதில்தான். முதல் நாள் இரவு நண்பர்களோடு ஆண்டர்சன்பேட்டை பாரில் இருந்தவனுக்கு அடைக்காமல் என்ன செய்யும்? ஆனாலும் சொல்லிவிடுவார்கள். எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

“நானும் சொன்னவன்தான்டி,” தம்மபாலன் குரல் திடீரென்று இறங்கியது. இறங்கின குரல்தான் சுலோச்சனாவுக்குப் பயம். “சுரங்கத்துல ஷிப்டு முடிஞ்சி கேஜ்ல மேல வந்தா, நேரா சாராயக்கடைக்குப் போனவன் நான். உங்கம்மாவைக் கேளு. ஒரு கல்யாணத்துல சீலம் சொல்லிக்குடுக்கற பிக்கு வரல, மைக்க என் கைல குடுத்துட்டாங்க. வாய்ல நாத்தத்தோடதான் அஞ்சாவதச் சொன்னேன். சொல்லும்போது பொய்தான். ஆனா மறுநாள்லேர்ந்து இந்தக் கை அந்தப் பக்கம் போகல. சொன்னா அது உன்னப் புடிச்சி இழுக்கும். மொதல்ல சொல்லு.”

“நீ விடணும்னு சொன்ன நைனா. எனக்கு விடற எண்ணமே இல்ல. நாலாவதா இன்னா சொல்றோம்? பொய் சொல்லமாட்டேன்னு. அதைச் சொல்லி வாய் மூடறதுக்குள்ள அஞ்சாவதச் சொன்னா, நாலாவது போச்சு. ரெண்டும் போச்சு.”

“அப்ப விடு! அந்தப் பக்கெட்டுங்கள எடுத்து வெளில போடு!”

“முடியாது.”

சுலோச்சனா கத்தியோடு வாசற்படிக்கு வந்தாள். கத்தியைக் கீழே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

“ரெண்டு பேரும் முடிச்சிட்டீங்களா? சாயங்காலம் சம்பந்தி வராங்க. மைக்க அஞ்சாவதுக்கு மட்டும் ஆஃப் பண்ணச் சொல்லிடலாம். கரண்டு போச்சுன்னு சொல்லிக்கலாம். இந்த ஊர்ல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். இரண்டு முகத்திலும் ஒரே அருவருப்பு. அதே மூக்கு, அதே புருவம், அதே கோணல் உதடு. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் சண்டையே இல்லை.

“அம்மா, அது ஏமாத்து வேலை.”

“விகாரத்துலயா? இன்னாடி பேசற நீ?”

சுலோச்சனாவுக்கு உச்சந்தலை எரிந்தது. இத்தனை வருஷமாகப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஐந்தையும் சொல்லிவந்தவள் அவள். விகாரத்துக்கு வருகிற அத்தனை பேரும் சொல்கிறார்கள். வீட்டுக்குப் போய்த் தங்கள் இஷ்டத்துக்கு இருக்கிறார்கள். ஒரு கல்யாணமும் நின்றதில்லை. அந்த வரியை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர்கள் கோலார் தங்க வயல் மொத்தத்திலும் இரண்டே பேர்தான் இருக்க வேண்டும். அதில் ஒருவருக்கு அவள் வாழ்க்கைப்படவும், இன்னொருத்தியை அவளே பெறவுமா வேண்டும்?

“சாமி கும்புடறவங்க வீட்லகூட இவ்வளோ கஷ்டம் இல்ல,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போனாள். வெங்காயம் அன்றைக்கு மிகப் பொடியாக நறுக்கப்பட்டது.

மதியம் சாப்பிட்டு எழுந்த தம்மபாலன், சட்டையை மாட்டிக்கொண்டு விகாரத்துக்குப் போனார். சம்பந்தி வருவதற்குள் வந்துவிடுவதாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மாப்பிள்ளை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான். அம்மா பின்னால் ஆட்டோவில் வருகிறாள் என்று சொன்னான். கையில் ஒரு கனத்த பை. கம்பெனி வேலையாக வெளிநாடு போனவன், போன வாரம்தான் திரும்பியிருந்தான்.

“அத்தை, மாமா இல்லல்ல?” என்று எட்டிப்பார்த்துவிட்டுப் பையைத் திறந்தான். மூன்று பாட்டில். ஒன்றுக்குத் தக்கையும் கம்பியும் கட்டியிருந்தது. “மித்ராவுக்கு. எல்லாம் பெல்ஜியம். ஏர்போர்ட்ல புடிச்சேன்.”

நல்ல பையன். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. யார் என்ன சொன்னாலும் சரி என்பான். பெண் பார்க்க வந்தபோது, நான் வீட்டில் பீர் காய்ச்சுவேன் என்று சங்கமித்ரா முகத்துக்கு நேரே சொன்னதற்கு, “சூப்பர்” என்றவன். அவள் அன்றைக்கே பாதி சம்மதித்துவிட்டாள். இப்போதும் பாட்டில்களைப் பார்த்ததும், காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவள் முகம் கொஞ்சம் இளகியதைச் சுலோச்சனா கவனித்தாள். இப்படியே இருவரையும் ரயிலேற்றிவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

பின்னறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். கண்ணாடி டம்ளர்களை மகள் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். முதல் பாட்டில் வெளுத்துக் கலங்கலாக இருந்தது. சாய்த்து, மெதுவாக, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்பாமல் ஊற்றினாள். டம்ளரை அம்மாவிடம் நீட்டினாள்.

சுலோச்சனா இழுத்தாள். “இன்னாடி இது, தனியா வாசன வருது? ஆரஞ்சுத் தோலும் கீது. ரசத்துக்குப் போடறதயெல்லாம் இதுல போட்டுகீறான்?”

“கரெக்டு மா! கொத்தமல்லி வெதையும் ஆரஞ்சுத் தோலும்தான்!” சங்கமித்ராவுக்கு ஒரே சந்தோஷம். ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் உருட்டிப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க, எப்டி கீது?”

எழிலன் டம்ளரை எடுத்தான். ஒரே மூச்சில் கவிழ்த்தான். “சூப்பர்.”

அடுத்தது பொன் நிறம். டிரிப்பெல் என்கிற வகை என்றாள். கிராம்பு, மிளகு, பின்னால் லேசான சூடு. எழிலன் கவிழ்த்தான். “சூப்பர். இது கொஞ்சம் ஏறுது.” மூன்றாவது, கரும்பழுப்பு. டப்பெல் என்றாள். ஊறவைத்த பேரீச்சம்பழ வாசனை. “சூப்பர்.” அப்புறம் தன்னுடைய ஸ்டவுட்டைத் திறந்தாள். ஆறு மாதமாக ஒவ்வொரு தடவையும் வறுவலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கசப்பு நாக்கில் தங்காமல் கொண்டுவந்திருந்தாள். டம்ளரை இரண்டாம் முறை துடைத்துவிட்டுத்தான் அதை ஊற்றினாள்.

“சூப்பர்,” என்றான் எழிலன். “இதுல கொஞ்சம் பிராந்தி விட்டா இன்னும் நல்லாருக்கும்ல?”

சங்கமித்ரா எழுந்து மூலைக்குப் போனாள். அங்கே ஒரு பக்கெட் தனியாக இருந்தது. நனைந்த அட்டைப்பெட்டி என்று அம்மா தள்ளிவைத்தது. கொட்டுவதற்கு நேரம் கிடைக்காமல் கிடந்தது. அதிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொண்டுவந்தாள். சுலோச்சனா மகளைப் பார்த்து வேண்டாமென்று தலையாட்டினாள். மகள் பார்க்கவில்லை.

“இது புதுசு. யாருக்கும் இன்னும் குடுக்கல. உங்களுக்குத்தான் மொதல்ல.”

எழிலன் குடித்தான். ஒரு கணம் அவன் முகத்தில் ஏதோ ஓடியது. பாவம், அந்த நாற்றம் அவனுக்கும் தெரியாமலா இருக்கும்? விழுங்கிவிட்டுச் சிரித்தான்.

“சூப்பர். இதுதான் எல்லாத்துலயும் பெஸ்ட்டு.”

சங்கமித்ரா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுலோச்சனா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பையன் என் மகளைச் சந்தோஷப்படுத்தத்தானே சொன்னான், இதில் என்ன குற்றம் என்று அவளுக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வாசலில் ஆட்டோ நின்றது. பின்னாலேயே தம்மபாலனின் செருப்புச் சத்தம்.

எழிலனின் அம்மா பழத்தட்டோடு வந்திருந்தாள். ஆரஞ்சு, ஆப்பிள், ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே பூச்சரம். எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். சுலோச்சனா பஜ்ஜியும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பாட்டுக்கு எத்தனை பேர், மண்டபத்தில் விசிறி ஓடுமா என்று பேச்சு ஒழுங்காகத்தான் போனது. இன்னும் கால் மணி நேரம் இப்படியே ஓட்டிவிடலாம் என்று சுலோச்சனா கணக்குப் போட்டாள். அப்போது தம்மபாலன் தொண்டையைச் செருமினார்.

“சம்பந்தியம்மா, மறைச்சிப் பேசி எனக்குப் பழக்கமில்ல. எம் பொண்ணு அஞ்சாவது சீலம் சொல்லமாட்டேன்றா. நீங்க பெரியவங்க, நீங்களும் நாலு வார்த்தை சொல்லுங்க.”

சுலோச்சனாவுக்குக் கையிலிருந்த காப்பி டம்ளரை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

எழிலனின் அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மகனைப் பார்த்தாள். எழிலன் சிரித்தான்.

“மாமா, இதுக்கா இவ்ளோ டென்ஷன்? மித்ரா, சும்னே ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டுப் போயேன். ஒரு வரிதான? நான் சொல்லப் போறேன்ல?”

“நீங்க எப்டி சொல்லுவீங்க?” என்றாள் சங்கமித்ரா. இப்போதும் அவளுடைய ஸ்டவுட் வாசனை அவன் மேல் வீசிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் சொல்ற மாதிரிதான். காலைல சொல்றோம். சாயங்காலம் ரிசப்ஷனுக்கு என் பசங்கல்லாம் வருவாங்க, அவங்களுக்கு எப்படியும் ஏற்பாடு பண்ணித்தான ஆவணும்? மைக்குல சொல்றது மைக்கோட போச்சு.”

தம்மபாலன் பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

“தம்பி, நீ குடிப்பியா?”

“எப்பவாச்சும் மாமா. ஃப்ரெண்ட்ஸோட.”

“விட்டுடலாம்னு இருக்கியா?”

“எதுக்கு மாமா விடணும்? லிமிட்டாதான்…”

“அப்ப அஞ்சாவத எப்டி சொல்லுவ?”

“வாயாலதான் மாமா,” என்றான் எழிலன்.

கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் விசேஷம். கேட்ட கேள்விக்கு அவனுக்குத் தெரிந்த பதில் அதுதான். சொல்லிவிட்டு, சரியாகச் சொல்லிவிட்டோம் என்கிற முகத்தோடு இன்னொரு பஜ்ஜியை எடுத்தான்.

தம்மபாலன் எழுந்தார். காலையில் மகளிடம் கத்தியது எல்லாம் இதற்கு முன்னால் தாலாட்டு. அமலா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படம் ஆடியது என்று அவள் பிற்பாடு சொன்னாள். அமலா சொன்னால் பாதியாவது உண்மை இருக்கும்.

“எழுந்திருடா! எம் பொண்ணு சொல்லமாட்டேன்றா. அவளுக்கு அது இன்னான்னு தெரியும், அதனால சொல்லமாட்டேன்றா. உனக்கு அது இன்னான்னே தெரியல! வாயாலயாம்! தும்மறது வாயால, துப்பறது வாயால, சீலமும் வாயாலயா? எடு உன் பழத்த!”

“இன்னாங்க இது, வீட்டுக்கு வந்தவங்கள…” எழிலனின் அம்மா எழுந்துகொண்டாள். அவளுக்கும் வாய் சும்மா இல்லை. “எம் புள்ளையச் சொல்றீங்களே, உங்க பின்ரூம்ல இன்னா ஓடுதுன்னு ஊரிகத்துல நாய்க்குக்கூடத் தெரியும்! செயலாளர் வீட்ல பீர் ஃபேக்டரி! நாங்க பெரிய மனசு பண்ணி வந்தோம். காய்ச்சற பொண்ண எவன் கட்டுவான்?”

“காய்ச்சறேன்னு சொல்லிட்டுதான் காய்ச்சறேன் ஆன்ட்டி,” என்றாள் சங்கமித்ரா.

“மித்ரா, நீ சும்மா இரு. மாமா, இப்ப இன்னா, நானும் சொல்லல. நாலே சொல்றேன். ஓகேவா? உங்களுக்கு எது வேணுமோ அதச் சொல்றேன்,” என்றான் எழிலன். பயல் உண்மையிலேயே சமாதானம் பண்ணத்தான் பார்த்தான். அதைவிடக் கெட்ட வார்த்தையை அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா பழத்தட்டைத் தூக்கி அவன் கையில் திணிக்க, மகள் அவன் செருப்பை எடுத்துத் தெருப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மாப்பிள்ளையை வாசலுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டில் அப்பாவும் மகளும் அப்படி ஒற்றுமையாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

ஆட்டோ கிளம்பியது. தெருவில் ஓர் ஆரஞ்சு உருண்டு அமலா வீட்டு வாசலில் நின்றது.

அப்போதுதான் சுலோச்சனா வாயைத் திறந்தாள்.

“நாலு சொல்றவளும் வேணாம், அஞ்சு சொல்றவனும் வேணாம். அப்பறம் யாரை யாருக்குக் கட்டிவெப்ப? புத்தரே வந்தா உக்கார வெச்சிக் கேள்வி கேப்பியா?”

“நீ சும்மா இரு. உனக்குப் புரியாது.”

“எனக்கா புரியாது? நீ குடிச்சிட்டு விழுந்தப்ப சுரங்க ஷாஃப்ட் கேட்டுலேர்ந்து இழுத்துகினு வந்தவ நானு. அந்த அஞ்சாவது வரி உனக்கு இன்னான்னு உன்னவிட எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் இவ்ளோ வருஷம் எல்லாத்தயும் மென்னு முழுங்கினேன். ரெண்டு வருஷமா பின்ரூம எட்டிப் பாக்காம லேப்புன்னு சொல்லிகினு திரிஞ்சியே, அது நாலாவதுல சேராதா? உன் பொய்யி மட்டும் பொய்யில்லயா?”

தம்மபாலன் இரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் பின்னறைக்குள் நடந்து போனார். திறந்த பாட்டில்களையும் கழுவாத டம்ளர்களையும் பார்த்தார். ஒரு டம்ளரை எடுத்து மூக்குக்கிட்டே கொண்டுபோனார். பாதியிலேயே கை நின்றுவிட்டது. கீழே வைத்தார்.

அவர் திரும்பி வரும்போது முகம் இளகியிருக்கும் என்று சுலோச்சனா ஒரு நொடி நினைத்துவிட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும் அவளுக்கு அந்த ஆசை விடவில்லை.

“அவன அனுப்பிட்டேன்றதுக்காக உன்ன சரின்னு சொல்லிட்டேன்னு நினைக்காத,” என்றார் மகளிடம். “இதெல்லாம் என் வீட்ல இருக்கக்கூடாது.”

“நாளைக்கே எடுத்துடறேன்.”

“நீ சரின்னு சொல்லுவன்னு நானும் நினைக்கல” என்றும் அவள் சேர்த்துச் சொன்னாள் என்பது அமலாவின் சாட்சி.

“எங்க எடுத்துகினு போவ?” என்று கத்தினாள் சுலோச்சனா. “கல்யாணம் நின்னுபோன பொண்ணு, பக்கெட்டத் தூக்கிகினு தனியா எங்கடி போவ? யோவ், இருந்துட்டுப் போவட்டும்னு ஒரு வார்த்தை சொல்லுய்யா!”

சொல்லவில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. ஐந்து வரியை நிறுத்தி நிதானமாகச் சொல்லத் தெரிந்த மனுஷனுக்கு அந்த ஒன்று வரவில்லை. மகளும் இருந்துவிடுகிறேன் என்று சொல்லவில்லை. சுலோச்சனா மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடி நாய்களுக்குப் போட்டுவிட்டு வந்தாள். அன்று ராத்திரிக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழிலனுக்கு அடுத்த வைகாசியிலேயே பங்காருப்பேட்டையில் பெண் கிடைத்தது. ஸ்கூல் டீச்சர். மைக்கில் ஐந்தையும் ரேடியோவில் செய்தி வாசிக்கிறமாதிரி கணீரென்று சொன்னானாம். இப்போது ஒயிட்ஃபீல்டில் ஃபிளாட் வாங்கி, இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். சந்தோஷமாக இல்லை என்று சொல்ல இங்கே சில பேருக்கு ஆசைதான். ஆனால் அப்படி ஒன்றும் காதில் விழவில்லை.

சங்கமித்ரா மைசூருக்குப் போனாள். பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற ஒரு ஓட்டலில் வேலை. அங்கே கணக்குப் பார்க்கிற சரத் என்பவனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டாள். ஆண்டர்சன்பேட்டைப் பையன், சாமி கும்பிடுகிற குடும்பம், பீர் குடித்தால் நெஞ்செரிச்சல் வரும் என்று தொடவே மாட்டானாம். ரிஜிஸ்டர் ஆபீசில் யாரும் யாரையும் எதையும் சொல்லச் சொல்லவில்லை; கையெழுத்து மட்டும்தான். சுலோச்சனா போனாள். தம்மபாலன் போகவில்லை. அன்றைக்கு விகாரத்தில் வேலை இருந்தது என்றார். என்ன வேலை என்று கேட்டதற்கு நாற்காலி எண்ணும் வேலை என்றார்.

மைக் சட்டம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பயந்து மூன்று வீட்டுக் கல்யாணம் வேறு மண்டபத்துக்குப் போய்விட்டது. செயலாளர் மட்டும் அசையவில்லை.

சுலோச்சனா மகளின் பிரசவத்துக்கு என்று மைசூருக்குப் போனாள். பேத்திக்கு இப்போது நடை வந்துவிட்டது, ஓட்டமும் வந்துவிட்டது; சுலோச்சனா திரும்பிவரவில்லை. தம்மபாலன் தானே சமைத்துச் சாப்பிடுகிறார். குழம்பு தீய்ந்தால் சுவருக்கு அடுத்த பக்கம் அமலாவுக்குத் தெரிந்துவிடும். போன வாரம் அமலா போன் போட்டு, “அக்கா, எப்பதான் வருவீங்க?” என்று கேட்டாள்.

“அவர் ஒரு போன் போட்டு வான்னு சொல்லட்டும், அன்னிக்கே வண்டி ஏறறேன்,” என்றாளாம் சுலோச்சனா.

அமலா அதைச் சுவர் வழியாக அப்படியே தம்மபாலனிடம் சொன்னாள். நான் போகச் சொல்லவில்லையே, அப்புறம் நான் எதற்கு வரச்சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு, விகாரத்துக்கு நேரமாயிற்று என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.